குறட்டைச் சான்றிதழ்

படிவத்தில் பதின்மூன்று கட்டங்களைப் பூனை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள். பதினான்காவது கட்டம் மட்டும் காலியாக இருந்தது. 'தனி அறை கோருவதற்கான காரணம்' என்று அதன் தலையில் அச்சடித்திருந்தது. அவளுக்குப் பின்னால் வரிசையில் இருபது பேர். முன்னால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் விடுதி அலுவலக எழுத்தர் அம்மாள், மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி காத்திருந்தார்.

"அதையும் எழுதிடும்மா. காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

உண்மையான காரணம் பூனைக்குத் தெரியும். தனக்கு மனிதர்களோடு பேச வராது. ஆனால் அதைக் கட்டத்துக்குள் எழுதிப் பார்த்தால் காரணம் மாதிரி இல்லை, யாரோ அவள்மேல் கொடுத்த புகார் மாதிரி இருந்தது. மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் அழித்துவிட்டாள்.

பூனை என்பது வீட்டில் வைத்த பெயர். அவள் ஓர் அறைக்குள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. "பகல் பூரா இவ பூனை" என்றுதான் அக்கா எல்லாரிடமும் அவளை அறிமுகம் செய்து வைப்பாள். அப்பா உடனே செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

விடுதி அறையைத் தேர்ந்தெடுக்க அவள் ஒரு மாதம் உழைத்திருந்தாள். வேதியியலில் பட்டம் வாங்கி முதுகலை படிக்க வந்தவள், எதையும் அட்டவணை போடாமல் செய்ய மாட்டாள். நான்கு பேர் அறை, இரண்டு பேர் அறை, தனி அறை என்று மூன்று வரிசை. ஜன்னலின் திசை, குளியலறைக்கு எத்தனை அடி, மேசைக்கு வெளிச்சம் என்று பத்துப் பத்திகள். கடைசிப் பத்தியின் பெயர் 'மனிதர்கள்'. அதற்கு மட்டும் மைனஸில் மதிப்பெண். தனி அறை முதலிடம் பெற்றது. நான்கு பேர் அறை பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. முடிவை முதலில் எழுதிவிட்டுப் போடுகிற கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும்.

இதில் விளையாட்டு ஒன்றும் இல்லை. கல்லூரியில் ஒருமுறை ஐந்து நாள் பயணம் போனபோது மூன்று பெண்களோடு ஒரே அறையில் தங்கினாள். ஃபேனைக் குறைக்கச் சொல்லக் கூச்சப்பட்டு ஐந்து நாளும் ஸ்வெட்டரோடு படுத்து, காய்ச்சலோடு வீடு திரும்பினாள். அதற்குப் பிறகு அந்த மூவரும் அவளை எங்கேயும் கூப்பிடவில்லை. வழியில் பார்த்தால்கூட ஒரு மாதிரி பரிதாபமாகச் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். வாயைத் திறக்காதவளை யார் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று பூனை அவர்கள் பக்கமே தீர்ப்பு எழுதிவிட்டாள். இன்னொரு முறை அப்படி ஆகக் கூடாது. இரண்டு வருடம் தனி அறை, பூட்டிய கதவு, அவ்வளவுதான்.

"என்னம்மா, சாயங்காலம் ஆயிடும் போலிருக்கே" என்றார் எழுத்தர்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். பூனையின் கை தானாக ஒரு சொல்லை எழுதியது. எழுதிய பிறகுதான் அவளே படித்தாள். குறட்டை.

எழுத்தர் அதை வரிசை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். "குறட்டையா? எவ்வளவு?"

"மிதமானது முதல் பலத்தது வரை" என்றாள் பூனை. ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதுகிற பாஷைதான் வாயில் வந்தது.

"அப்ப டாக்டர் சர்டிபிகேட் வேணும். அடுத்த ஆளு."

பல்கலைக்கழக மருத்துவமனையில் இருந்த டாக்டர் வேகமான பெண்மணி. பூனையின் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், எடையைப் பார்த்தார். எல்லாம் நன்றாகவே இருந்தன. குறட்டை விடுகிறவளுக்கு அது தெரியாதே, கேட்டவர் யார் என்று விசாரித்தார். பூனை யோசிக்காமல் அக்கா என்றாள். போன் போட்டுக் கொடு என்றார் டாக்டர். பூனையோ அக்காவுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை.

ஆனால் அக்கா அசரவில்லை. ஸ்பீக்கரில் அவள் குரல் கணீரென்று வந்தது.

"ஆமா டாக்டர். கல்யாணமாகி வர்ற வரைக்கும் நான்தானே அவகூடப் படுத்தேன். முதல்ல சன்னமா ஒரு விசில். அப்புறம் பத்து செகண்டு ஒண்ணும் இருக்காது. சரி, முடிஞ்சுதுன்னு நாம கண்ணை மூடுவோம். அப்பத்தான் லாரி கியர் மாத்தும்."

"தினமுமா?"

"அலுப்பா இருந்தா இன்னும் ஜாஸ்தி. பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு எதிர்வீட்டுல லைட்டைப் போட்டுட்டாங்க."

டாக்டர் குறித்துக்கொண்டே போனார். பூனைக்கோ, தன் அக்காவுக்குள் இப்படி ஒரு புளுகுத் திறமை இருப்பது இத்தனை வருடமாகத் தெரியாமல் போனதே என்று வருத்தமாகக்கூட இருந்தது. வெளியே வந்ததும் தானே அக்காவை அழைத்தாள்.

"எப்படிக்கா இப்படி அள்ளி விடுற? நீ ஆசைப்பட்ட என் நீல ஸ்வெட்டரை நீயே வெச்சுக்கோ."

"ஸ்வெட்டர் எல்லாம் வேண்டாம்டி. நான் இப்படி மனசு விட்டுப் பேசி எத்தனை வருஷமாச்சு" என்றாள் அக்கா.

சான்றிதழை எழுத்தர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார். பலத்த குறட்டை இருப்பதாகக் குடும்பத்தினர் தெரிவிக்கின்றனர் என்று அதில் இருந்தது.

"தெரிவிக்கின்றனர்னா போதாதும்மா. போன வருஷம் பதினோரு பேருக்குக் குறட்டைன்னு தனி ரூம் குடுத்தேன். அதுல பத்து பேரு பூனை மாதிரி தூங்குறாளுங்க." தன் பெயர் இவருக்கு எப்படித் தெரியும் என்று பூனை ஒரு கணம் திடுக்கிட்டாள். "இந்த வருஷம் புது விதி. ரெண்டு பேர் ரூம்ல மூணு ராத்திரி இரு. கூட இருக்கிற பொண்ணு கேட்டதை எழுதிக் குடுக்கட்டும். நிஜம்னா தனி ரூம். இல்லேன்னா அதே ரூம்தான்."

ஆக, ஒருத்தியோடு தங்காமல் இருக்கச் சொன்ன பொய், மூன்றே மணி நேரத்தில் ஒருத்தியோடு தங்க வைத்துவிட்டது. அது மட்டுமில்லை, அவள் காது பக்கத்தில் படுத்துக் குறட்டையும் விட வேண்டும். வேண்டாம், சும்மா சொன்னேன் என்று சொல்லலாம். அதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே. பூனை சாவியை வாங்கிக்கொண்டாள்.

இருநூற்று நான்காம் அறை இரண்டாவது மாடியில், வாசல் கேட்டுக்கு நேர் மேலே இருந்தது. உள்ளே ஒரு பெண் தரையில் உட்கார்ந்து பெட்டியிலிருந்து கற்களை எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். விளையாட்டுக் கற்கள் அல்ல. சிலவற்றில் எண் ஒட்டிய, நிஜமான பாறைத் துண்டுகள். நிலவியல் படிக்க வந்தவள். பூனை மனதுக்குள் அவளுக்குக் கல்லுக்காரி என்று பெயர் வைத்தாள். கல்லுக்காரி நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினாள். பூனையும் ஆட்டினாள். அதோடு நான்கு மணி நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

பிறகு இருவரும் ஒரே நேரத்தில், "ஃபேன்..." என்றார்கள்.

"நீங்க சொல்லுங்க."

"இல்ல, நீங்க."

இருவருக்குமே ஃபேனைக் குறைக்க வேண்டியிருந்தது.

அன்று மாலை குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பூனை குறட்டை ஒத்திகை பார்த்தாள். மூச்சை உள்ளே இழுத்தால் பன்றி மாதிரி வந்தது, வெளியே விட்டால் சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற மாதிரி வந்தது. அக்கா டாக்டரிடம் சொன்னதை ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்தாள்: விசில், பத்து விநாடி இடைவெளி, கியர். போனை அதிர்வில் வைத்துத் தலையணைக்குக் கீழே சொருகிக்கொண்டாள். அரை மணிக்கு ஒருமுறை போன் அதிர்ந்ததும் ஐந்து நிமிடம் குறட்டை விட்டு, மறுபடி விழித்துக் கிடப்பது என்று திட்டம். உலகத்திலேயே தூங்காமல் குறட்டை விட்ட முதல் ஆள் தானாகத்தான் இருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது.

காலையில் தொண்டை புண்ணாகிவிட்டது. கல்லுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. கெட்டிலில் வெந்நீர் வைத்து, ஒரு கோப்பையைப் பூனையின் மேசையில் வைத்துவிட்டு, "தொண்டைக்கு" என்றாள். பிறகு கற்களிடம் திரும்பிவிட்டாள்.

பூனைக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. தொந்தரவு செய்தால் தொந்தரவு ஆக வேண்டாமா? இரண்டாம் இரவு விசிலை இன்னும் நீட்டினாள், கியரைப் பலமாக மாற்றினாள். ஒரு கியரில் எச்சில் புரையேறி எழுந்து உட்கார்ந்து இருமினாள். கல்லுக்காரி இருட்டிலேயே வந்து தன் தலையணையைப் பூனையின் தலையணைக்கு அடியில் சொருகினாள். தலை உயரமாக இருந்தால் நல்லது என்று எங்கோ படித்தாளாம். சொல்லிவிட்டுத் தன் கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

அப்புறம் பூனையால் ஒரு கியர்கூட மாற்ற முடியவில்லை. விடியும்வரை இரண்டு தலையணை மேல், கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

மறுநாள் அவர்களுக்கு வகுப்பு இல்லை. கல்லுக்காரி கற்களுக்கு எண் ஒட்டினாள், பூனை புத்தகங்களுக்கு அட்டை போட்டாள். இடையில் ஒருமுறை கல்லுக்காரி ஒரு கறுப்புக் கல்லை நீட்டினாள். பூனை அதை வாங்கிப் பார்த்து, கனத்தை வைத்து, "இரும்பு இருக்கா?" என்றாள். "நிறைய" என்றாள் கல்லுக்காரி. அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அதுதான் பேச்சு. மூன்று மணிக்கு நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் பூனைக்கு உறைத்தது: காலையிலிருந்து ஒரு தடவைகூட, இந்த அறையை விட்டு எங்கேயாவது போனால் தேவலை என்று நினைக்கவில்லை.

"நீங்க ஏன் தனி ரூம் கேக்கல?" என்று அவளாகவே கேட்டாள். வீட்டுக்கு வெளியே ஒருத்தியைப் பற்றி அவளாகக் கேள்வி கேட்டு ஒரு வருடம் இருக்கும்.

கல்லுக்காரி பசையை மூடி வைத்தாள். "தனியா விட்டா நான் ரெண்டு வருஷமும் வாயைத் திறக்க மாட்டேன். அதான். போன வாரம் ஒருத்தியைப் போட்டாங்க. தூக்கத்துல ஒரு சத்தம் கிடையாது. ஆனா முழிச்சிருக்கிற நேரம் பூரா பேச்சு. கல்லைக்கூட விடல, அதுங்ககிட்டயும் பேசினா. அப்புறம் வேற ரூமுக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டா." பிறகு கல்லைப் பார்த்தபடியே சொன்னாள். "நீ இருந்தா நல்லா இருக்கும். ஆனா உனக்குத் தனி ரூம்தானே வேணும்."

எப்போது 'நீ' ஆனது என்று இருவருமே கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

பூனை தன் அட்டவணையைத் திறந்தாள். 'மனிதர்கள்' என்ற பத்தியை ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு மாத உழைப்பில் அந்த ஒரு பத்திக்கு மட்டும் அளந்து பார்த்த எண் ஒன்றும் இல்லை. எல்லாம் பயத்தில் போட்டது. அதை அழித்தாள். பிறகு அக்காவை அழைத்து, தனி அறை வேண்டாம், இங்கேயே இருக்கப் போகிறேன் என்று ரகசியக் குரலில் சொன்னாள்.

"கூட இருக்கிற பொண்ணு நல்லவளா?" என்று அக்கா கேட்டாள்.

"ரொம்ப நல்லவக்கா."

"பாவம்" என்றாள் அக்கா.

தன் குணத்தைத்தான் கிண்டல் செய்கிறாள் என்று பூனைக்குப் புரிந்தது. அதற்கும் சேர்த்துத் திருந்திவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: குறட்டை விடாமல் தூங்குவது. இருபத்திரண்டு வருடமாக அவள் செய்து வருகிற காரியம். மூன்றாம் இரவு தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துத் தூர வைத்தாள், இரவல் தலையணையைத் திருப்பிக் கொடுத்தாள், மல்லாந்து படுத்தாள். இரண்டு நாள் தூக்கம் பாக்கி இருந்தது. அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். கனவில்கூட ஒருவரும் பேசவில்லை.

கண் விழித்தபோது வெயில் மேசைவரை வந்திருந்தது. எதிர்க் கட்டில் காலி. கெட்டிலுக்குக் கீழே ஒரு சீட்டு. 'ஆபீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன். நீ தூங்கு.'

பூனை அப்படியே ஓடினாள். முதல் இரண்டு நாள் கேட்டதை அவள் எழுதிவிட்டால் தனி அறை கிடைத்துவிடும். ஒரு மாதமாக எதற்கு அலைந்தாளோ அதற்குப் பயந்து, இடது காலில் ஒரு ஜோடியின் செருப்பு, வலது காலில் வேறு ஜோடியின் செருப்பு என்று மாடிப்படியில் இறங்கினாள். வரிசை அன்றைக்கும் நீளமாக இருந்தது. அதை மீறிப் போவது அவள் வாழ்க்கையில் செய்த முதல் குற்றம். கல்லுக்காரி கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். தாள் எழுத்தரின் கைக்குப் போய்விட்டது.

"மேடம், நான் குறட்டை விடமாட்டேன்."

இத்தனை சத்தம் தன் தொண்டையில் இருந்தது பூனைக்கே தெரியாது. வரிசை மொத்தமும் திரும்பியது. இனி மென்று விழுங்கிப் பயனில்லை என்று முழுவதையும் கொட்டிவிட்டாள். பொய் சொல்லித்தான் படிவம் நிரப்பினேன். அக்காவும் எனக்காகத்தான் பொய் சொன்னாள். இவள் கேட்டதெல்லாம் நடிப்பு, அரை மணிக்கு ஒருமுறை போன் வைத்துக்கொண்டு நடித்தேன். எனக்குத் தனி அறை வேண்டாம். இந்த அறையே வேண்டும்.

மூச்சு விட நிறுத்தியபோது அலுவலகத்தில் பிரிண்டர்கூட ஓடவில்லை.

எழுத்தர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கையிலிருந்த தாளைப் படித்தார். "மூன்று இரவும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஒரு தொந்தரவும் இல்லை. இவரே என் அறையில் இருக்க வேண்டுகிறேன்." படித்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ கேக்கலைங்கிறா, நீ விடலைங்கிற. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லும்போது எனக்கென்ன வந்துது? தனி ரூம் ரத்து. ரெண்டு வருஷத்துக்கு மாத்தக் கேட்டு இந்தப் பக்கம் வரக் கூடாது, ரெண்டு பேரும். கையெழுத்துப் போடுங்க."

போட்டார்கள். டாக்டரின் சான்றிதழைப் பூனை தன் கையாலேயே நான்காகக் கிழித்தாள்.

வெளியே வந்ததும் கல்லுக்காரி நின்றாள். அவள் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. தன்னைக் கூடவே வைத்துக்கொள்ளப் பொய் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்த உறுத்தலில் அழுதிருப்பாள் போல என்று பூனைக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"நிஜமாவே முதல் ரெண்டு நாளும் நடிச்சியா?" என்றாள் கல்லுக்காரி.

"ஆமா. மன்னிச்சுடு."

"நேத்து?"

"நேத்து எதுக்கு நடிக்கணும்? நிம்மதியாத் தூங்கினேன்."

கல்லுக்காரி, எழுத்தர் கையெழுத்து வாங்கிய தாளைக் கண்ணாடித் தடுப்பு வழியாக ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"சரி" என்றாள். "நீ போ. எனக்குக் கடையில கொஞ்சம் பஞ்சு வாங்கணும்."

பூனை தனியாகக் கேட்டுக்கு வந்தாள். நிரந்தரமாகத் தங்குகிறவர்கள் வாசல் பதிவேட்டில் எழுத வேண்டும். இரவுக் காவல் பார்க்கும் அம்மாள் ஷிப்ட் முடிந்து, ஃபிளாஸ்க்கைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாகக் குனிந்த தலையோடு அவரைக் கடந்து போன பூனை, அன்று நின்று வணக்கம் சொன்னாள். வரிசை முன்னால் உண்மையைப் பேசிவிட்டு வந்த தெம்பு. பதிவேட்டில் பெயரை எழுதி, அறை எண் பத்தியில் இருநூற்று நான்கு என்று கொட்டை எழுத்தில் எழுதி, "இனிமே நான் இங்கேதான்மா இருக்கப் போறேன்" என்றாள்.

காவல்கார அம்மாள் எண்ணைப் பார்த்தார். தலையைத் தூக்கி மேலே ஜன்னலைப் பார்த்தார். பிறகு பூனையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இருநூத்தி நாலா? முதல் ரெண்டு நாள் யாரோ வேணும்னே பண்ற மாதிரி விட்டு விட்டுக் கேட்டுச்சு, நான் கண்டுக்கல. நேத்துதான்மா நிஜக் குறட்டை, இந்த கேட்டே ஆடிச்சு."